பெட்ரோலை மாற்றினால் பிக்கப் கூடுமா, மைலேஜ் கூடுமா?

கேள்வி சுருக்கமாக இதுதான். 2017 மாடல் பெட்ரோல் கார், 1.2 லிட்டர், டர்போ கிடையாது. வாங்கிய புதிதில் லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்தது, இப்போது 13தான் வருகிறது. பிக்கப்பும் குறைந்த மாதிரி இருக்கிறது. எல்லாம் இ20 பெட்ரோல், அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், செய்யும் வேலை என்கிறார் மெக்கானிக். பிரீமியம் பெட்ரோல் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் அலுவலக நண்பர். பேசாமல் இதை விற்றுவிட்டு சிஎன்ஜியோ டீசலோ வாங்கச் சொல்கிறார் மைத்துனர். இதில் யாரை நம்புவது?

மூன்று பேர் சொல்வதிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் நீங்கள் இழந்த 3 கிலோமீட்டரில் இ20 மேல் போடக்கூடிய பழி ஒரு கிலோமீட்டர் அளவுக்குத்தான். மீதி இரண்டு வேறெங்கோ போகிறது. பிரீமியம் பெட்ரோல் அந்த இரண்டையும் திருப்பித் தராது, இந்த ஒன்றையும் திருப்பித் தராது. பிக்கப் குறைந்ததற்கும் இ20க்கும் சம்பந்தம் இருப்பது சந்தேகம்தான். இதையெல்லாம் எந்தக் கணக்கில் சொல்கிறேன் என்று விளக்கக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது இரண்டு விஷயங்களை: எரிபொருளில் இருக்கும் ஆற்றல், அதன் ஆக்டேன் எண். பங்க்கில் நின்று பேசும் பலரும் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். 91ஐவிட 95 வலுவானது, 100 அதைவிட வலுவானது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. எரித்தால் எவ்வளவு வெப்பம் வரும் என்பது ஆற்றல். ஆக்டேன் எண் சொல்வது, அழுத்திச் சூடாக்கினாலும் தீப்பொறி வரும்வரை தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு தூரம் தாக்குப்பிடிக்கும் என்பதை மட்டும்தான். ஐசோ ஆக்டேன் என்ற திரவத்துக்கு 100, ஹெப்டேனுக்கு 0 என்று வைத்துக்கொண்டு, சோதனை இன்ஜினில் ஒப்பிட்டுப் பார்த்துக் கொடுக்கும் மதிப்பெண் அது. ஒரு எரிபொருளுக்கு ஆக்டேன் எகிறி, ஆற்றல் இறங்கியும் இருக்கலாம். எத்தனால் அதற்கு நேரான உதாரணம்.

எத்தனால் கலக்காத பெட்ரோல் ஒரு லிட்டரில் ஏறக்குறைய 32 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. எத்தனாலில் 21தான். மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆனால் எத்தனாலின் ஆக்டேன் எண் 108ஐ ஒட்டி இருக்கிறது. இப்போது கலந்து பாருங்கள். 20 சதவீதம் எத்தனால் சேர்த்தால் லிட்டருக்கு 29.8 மெகாஜூல் ஆகிறது. சுத்தப் பெட்ரோலிலிருந்து இறங்கினால் 6 முதல் 7 சதவீத இழப்பு. ஏற்கெனவே 10 சதவீதக் கலப்பில் ஓடிய வண்டிக்கு அங்கிருந்து 3.5 சதவீத இழப்பு. நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட எத்தனால் கலப்பு அறிக்கையும் இதையேதான் சொன்னது: சுத்தப் பெட்ரோலுக்கு வடிவமைத்து 10 சதவீதக் கலப்புக்கு டியூன் செய்த கார்களில் 6 முதல் 7 சதவீதம் மைலேஜ் குறையும், 10 சதவீதத்துக்கு வடிவமைத்து 20க்கு டியூன் செய்தவற்றில் 1 முதல் 2 சதவீதம். இது யாரும் மறைத்த ரகசியம் அல்ல. பங்க் போர்டில் பெரிய எழுத்தில் எழுதவில்லை, அவ்வளவுதான். லிட்டரில் ஆற்றல் குறைந்தால் விலையும் அதற்கேற்பக் குறைய வேண்டாமா என்று கேட்டால், கேட்பதில் நியாயம் இருக்கிறது. நான் விலையை முடிவு செய்யும் இடத்தில் இல்லை.

உங்கள் கார் 2017. நாட்டில் 2013-14இல் சராசரி எத்தனால் கலப்பு 1.5 சதவீதம்தான் இருந்தது. 2022 நடுவில் 10 சதவீதத்தைத் தொட்டார்கள். 2023 பிப்ரவரியில் இ20 விற்பனையைத் தொடங்கினார்கள், 2025க்குள் ஊரெங்கும் அதுவே சாதாரண பெட்ரோல் ஆகிவிட்டது. ஆக, நீங்கள் வாங்கிய புதிதில் போட்டது கிட்டத்தட்ட சுத்தப் பெட்ரோல் என்றே வைத்துக்கொள்ளலாம். 16இல் 7 சதவீதம் கழித்தால் 14.9. அதாவது இ20 கணக்கில் வரும் நஷ்டம் சுமார் 1.1 கிலோமீட்டர். உங்களுக்குக் குறைந்திருப்பது 19 சதவீதம். ஏழையும் பத்தொன்பதையும் ஒரே பழியில் அடக்க முடியாது.

பிக்கப் விஷயத்தில் எத்தனாலுக்குக் கெட்ட பெயர் அநியாயமாக வந்து சேர்கிறது. இன்ஜினின் சக்தி எவ்வளவு என்பதை முடிவு செய்வது அது உள்ளே இழுக்கும் காற்று. ஒரு கிலோ பெட்ரோலை முழுதாக எரிக்க 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். எத்தனால் கலந்தால் அதே காற்றுக்கு எரிபொருளைக் கொஞ்சம் கூடுதலாகத் தெளிக்க வேண்டும். தெளித்துவிட்டால், அந்தக் காற்றிலிருந்து கிடைக்கும் ஆற்றல் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றேதான். அதனால் எரிபொருள் குடிப்பது கூடும், இழுவை குறையாது. போதாக்குறைக்கு, எத்தனால் ஆவியாகும்போது பெட்ரோலைவிட இரண்டரை மடங்கு வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். உள்ளே போகும் காற்று குளிரும். டர்போ வைத்த, நேரடியாகச் சிலிண்டருக்குள்ளேயே தெளிக்கும் இன்ஜின்களுக்கு இது லாபம்.

கூடுதலாகத் தெளிக்க வேண்டும் என்பது காருக்கு எப்படித் தெரியும்? சைலன்ஸர் குழாயின் தொடக்கத்தில் ஆக்ஸிஜன் சென்சார் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. எரிந்து வரும் புகையில் ஆக்ஸிஜன் மிஞ்சுகிறதா என்று பார்த்து, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியுவுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். மிஞ்சினால் ஈசியு இன்ஜெக்டரைக் கொஞ்ச நேரம் கூடுதலாகத் திறந்து வைக்கும். இந்தத் திருத்தத்தை அது நினைவிலும் வைத்துக்கொள்ளும். அதை நீங்களே பார்க்கலாம். ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு சாக்கெட் இருக்கும். இணையக் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் புளூடூத் ஸ்கேனரை அதில் சொருகி, போனில் ஒரு ஆப் போட்டால் போதும். அதில் 'லாங் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம்' என்று ஒரு எண் வரும். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, சீரான வேகத்தில் போகும்போது, பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள். +4 முதல் +8 வரை இருந்தால் எத்தனால் வந்ததற்கு ஈசியு ஈடுகொடுத்திருக்கிறது, பயமில்லை. +12, +15 என்று நின்றால் எங்கோ காற்று கசிகிறது, அல்லது பெட்ரோல் பம்ப் அழுத்தம் குறைந்திருக்கிறது, அல்லது காற்றளவு சென்சாரில் அழுக்கு. மைனஸில் ஆழமாகப் போனால் இன்ஜெக்டர் ஒழுகலாம். எண் ஒழுங்காக இருந்தும் மைலேஜ் குறைவென்றால் கோளாறு இன்ஜினுக்கு வெளியே இருக்கிறது: டயர் காற்று, விடாமல் உரசும் பிரேக், வழுக்கும் கிளட்ச், இன்ஜினைச் சூடாக விடாத தெர்மோஸ்டாட். ஒன்பது வயது தொடும் காரில் பிக்கப் குறைந்திருக்கிறது என்று நீங்கள் சொல்வதால், கிளட்ச், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் இவற்றைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். 13 என்று நீங்கள் சொல்லும் எண்ணே சரியா? பலர் அளப்பது எப்படி? 1000 ரூபாய்க்குப் போட்டு, முள் பழைய இடத்துக்கு வரும்வரை ஓட்டிப் பார்ப்பது. அந்த முள்ளை நம்பி ஒரு கணக்கும் போட முடியாது. டேங்க் நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிப் பார்ப்பதுதான் முறை. அதிலும் பெட்ரோல் போடும் துப்பாக்கி தானாக 'டக்' என்று நிற்கும் இடம் பங்க்குக்குப் பங்க், தரையின் சரிவுக்குச் சரிவு மாறும். 30 லிட்டர் நிரப்பும்போது ஒரு லிட்டர் அப்படி இப்படி ஆனாலே 3 சதவீதப் பிழை வந்துவிடுகிறது. பத்து சதவீதக் கலப்பிலிருந்து இருபதுக்குப் போனதில் வந்த இழப்பே மூன்றரைதான். ஒரே டேங்க்கை வைத்து 'இ20 என் காரைக் கெடுத்துவிட்டது' என்றோ 'பிரீமியம் போட்டதும் மைலேஜ் கூடியது' என்றோ சொல்பவர் பெரும்பாலும் அளவுப் பிழையைத்தான் அளந்திருக்கிறார். அதே பங்க், அதே பம்ப், முதல் 'டக்'கோடு நிறுத்துவது, தொடர்ந்து சில டேங்க்கின் மொத்த லிட்டரையும் மொத்தக் கிலோமீட்டரையும் வகுப்பது. இப்படிச் செய்தால்தான் ஒப்பிடும் எண் கிடைக்கும். 'டக்' என்று நின்ற பிறகு ரவுண்டாக வரட்டும் என்று இன்னும் கொஞ்சம் திணிப்பது வேண்டாம். பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கரி டப்பாவுக்குள் திரவமே போய் அதை வீணாக்கிவிடும்.

சரி, இப்போது பிரீமியம் பெட்ரோல்.

ஆக்டேன் எங்கே உதவுகிறது என்று பார்க்க சிலிண்டருக்குள் போக வேண்டும். பிளக் பொறி விட்டதும் தீ ஒரு முனையிலிருந்து பரவுகிறது. பரவும் தீ, எதிர்முனையில் இன்னும் எரியாத கலவையை நசுக்கிச் சூடாக்குகிறது. தீ அங்கே வந்து சேரும்முன் அந்தக் கலவை தானாக வெடித்தால் அதுதான் நாக்கிங். பாரம் ஏற்றிக்கொண்டு மேட்டில் டாப் கியரில் இழுக்கும்போது கேட்குமே, உலோகத்தில் தட்டுகிற மாதிரி 'கிணிகிணி' என்று, அந்தச் சத்தம். தொடர்ந்து நடந்தால் பிஸ்டனையே தின்றுவிடும். இன்ஜின் பிளாக்கில் ஒரு நாக் சென்சார் திருகியிருப்பார்கள். அது 6, 7 கிலோஹெர்ட்ஸ் வாக்கில் வரும் அந்த அதிர்வுக்காகக் காது கொடுத்தபடியே இருக்கும். கேட்ட நொடியில் ஈசியு தீப்பொறியைச் சில டிகிரி தாமதப்படுத்தும். நாக்கிங் நிற்கும். ஆனால் தாமதமாகப் பற்றினால் பிஸ்டன் இறங்க ஆரம்பித்த பிறகுதான் அழுத்தம் முழுதாக வரும், அதனால் இழுவை குறையும். பிறகு ஈசியு கால் டிகிரி, அரை டிகிரி என்று மெல்லப் பழைய டைமிங்குக்குத் திரும்பிப் பார்க்கும். மறுபடி தட்டினால் மறுபடி பின்வாங்கும். வெயிலில் சூடான இன்ஜின், ஏசி, ஐந்து பேர், கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் என்று எல்லாம் சேரும்போது நீங்கள் உணரும் மந்தத்தில் ஒரு பகுதி இதுதான்.

இந்த இடத்தில் ஆக்டேன் கூடினால் பின்வாங்கும் தேவை குறையும், இன்ஜின் தன் முழு டைமிங்கில் ஓடும். டர்போ காருக்கு, உயர் அழுத்த விகிதம் உள்ள, அதாவது கலவையை அதிகமாக நசுக்கும் இன்ஜினுக்கு, இது உண்மையான லாபம். ஆனால் 91 ஆக்டேனுக்கு என்றே டியூன் செய்த சாதாரண இன்ஜின் அன்றாட ஓட்டத்தில் பின்வாங்குவதே அபூர்வம். அதன் டைமிங் அட்டவணையில் எழுதியதற்கு மேல் ஈசியு போகாது. நூறு என்ன, நூற்றிருபது ஆக்டேன் ஊற்றினாலும் அதற்குத் தெரியாது. கடிக்கப் பல் இல்லாதவருக்கு முறுக்கு எவ்வளவு மொறுமொறுப்பு என்பதில் என்ன இருக்கிறது?

அதோடு ஒரு வேடிக்கையும் சேர்ந்திருக்கிறது. பிஎஸ்6 என்ற புகை மாசு விதி வந்தபோது நம் சாதாரண பெட்ரோலின் ஆக்டேன் 91. எத்தனால் 20 சதவீதம் கலந்ததும் அதுவே 95 ஆகிவிட்டது என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025இல் சொன்னது. அப்படியானால் 95 என்று போர்டு போட்டு ஏழெட்டு ரூபாய் கூடுதலாக விற்பதில் ஆக்டேனுக்கென்று வாங்க என்ன மிச்சம் இருக்கிறது? இன்ஜெக்டரையும் வால்வையும் சுத்தம் செய்யும் ரசாயனம் கூடுதலாகச் சேர்த்திருப்பார்கள், அது மட்டும்தான். அதற்கும் பயன் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சிலிண்டருக்குள்ளேயே நேரடியாகத் தெளிக்கும் இன்ஜின்களில் பெட்ரோல் உள்வால்வின் மேல் படவே படாது, அங்கே சேரும் கரியை அந்த ரசாயனம் தொடாது. 100 ஆக்டேன் பெட்ரோலின் விலை இன்னும் மிக அதிகம். கார் கையேட்டில் 98 வேண்டும் என்று எழுதியிருந்தால் போடுங்கள். அப்படிப்பட்ட கார் வைத்திருப்பவர் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்.

பணக் கணக்கு இன்னும் எளிது. 100 ரூபாய்க்குப் பதில் 108 கொடுத்தால் மைலேஜும் 8 சதவீதம் கூட வேண்டும். 13 தருவது 14ஐத் தாண்ட வேண்டும். உங்கள் காரில் அது நடக்காது. உங்கள் காருக்கு எது வேண்டும் என்பது எரிபொருள் மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும், அல்லது கையேட்டில் இருக்கும். இதில் ஒரு எச்சரிக்கை: அமெரிக்க வீடியோக்களில் 87, 91, 93 என்று வரும் எண்கள் வேறு அளவுமுறை. அவர்களுடைய 87தான் நம் 91. 'அங்கே பிரீமியமே 91தான், நமக்குச் சாதாரணமே 91' என்று பெருமைப்பட ஒன்றும் இல்லை.

பழைய வண்டிகளின் கதை வேறு. எரியும் விதத்தைவிட, எத்தனால் தொடும் பொருள்களில்தான் அங்கே கவலை. பழைய ரப்பர் குழாய்கள், கேஸ்கெட்டுகள், ஓ ரிங்குகள் எத்தனாலில் உப்பிப் பிறகு வெடிப்பு விடும். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்களில் இவற்றை இ20க்குத் தாங்கும் பொருளில் செய்கிறார்கள். உங்கள் 2017 காரில் அடுத்த சர்வீஸின்போது பானெட்டைத் திறந்து எரிபொருள் குழாயை விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாகி நுண்ணிய வெடிப்பு தெரிந்தாலோ, பிசுபிசுவென்று மெத்தென்று ஆகியிருந்தாலோ மாற்றிவிடுங்கள். பெட்ரோல் வாசனை வந்தால் சர்வீஸ் வரை காத்திருக்கவே வேண்டாம். கார்புரேட்டர் வைத்த பழைய மாருதி 800, பிரீமியர் பத்மினி வைத்திருப்பவர்களுக்குத்தான் உண்மையான தலைவலி. ஆக்ஸிஜன் சென்சாரும் இல்லை, ஈசியுவும் இல்லை. எத்தனால் கேட்கும் கூடுதல் எரிபொருளை யாரும் கொடுப்பதில்லை. கலவை மெலிந்துபோய் வண்டி திணறும், சூடாகும். கார்புரேட்டரில் எரிபொருள் வரும் துளையான ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்கிக்கொள்வது அவர்கள் செய்யும் வழி. எத்தனால் ஈரத்தையும் உறிஞ்சும். மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும் வண்டியில் டேங்க்கை நிரப்பியே வையுங்கள், உள்ளே ஈரக்காற்றுக்கு இடமிருக்காது.

அடுத்து மைத்துனர் சொன்னது. சிஎன்ஜியில் ஆரம்பிப்போம், அங்கேதான் எண்கள் அதிகம் ஏமாற்றுகின்றன.

ஸ்விஃப்ட்டை எடுத்துக்கொள்கிறேன். பெட்ரோல் மேனுவல் லிட்டருக்கு 24.80 கிலோமீட்டர், சிஎன்ஜி கிலோவுக்கு 32.85 கிலோமீட்டர். இரண்டும் நிறுவனம் சொல்லும் சோதனை எண்கள். இதைப் பார்த்து 'சிஎன்ஜியில் இன்ஜின் திறமையாக ஓடுகிறது' என்று முடிவு கட்டுகிறார்கள். ஒன்று லிட்டர், இன்னொன்று கிலோ. ஒரு கிலோ சிஎன்ஜியில் இருக்கும் ஆற்றல் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். 32.85ஐ 1.5ஆல் வகுத்தால் 21.9. அதாவது அதே அளவு ஆற்றலில் சிஎன்ஜி கார் கொஞ்சம் குறைவான தூரமே போகிறது. சிலிண்டரின் கூடுதல் எடையைச் சுமப்பதும் ஒரு காரணம். லாபம் முழுக்க வாயுவின் விலையில் இருக்கிறது. இன்ஜினில் இல்லை.

சக்தியும் குறைகிறது. அதே ஸ்விஃப்ட் பெட்ரோலில் 81.6 பிஎஸ் (குதிரைத்திறன் அளவு), சிஎன்ஜியில் 69.75. டார்க் என்ற முறுக்கு விசை 111.7 நியூட்டன் மீட்டரிலிருந்து 101.8. இதற்கும் காரணம் காற்றுதான். பெட்ரோல் துளித்துளியாகப் போகும், ஆவியானாலும் சிலிண்டரில் பிடிக்கும் இடம் 2 சதவீதத்தை ஒட்டித்தான். சிஎன்ஜி வாயுவாகவே போவதால் கலவையில் 9 சதவீதத்துக்கு மேல் இடத்தை அடைத்துக்கொள்கிறது. அந்த இடத்தில் வரவேண்டிய காற்று வெளியே நிற்கிறது. இத்தனைக்கும் சிஎன்ஜியின் ஆக்டேன் 120க்கு மேல். அழுத்த விகிதத்தை நன்றாக உயர்த்தினால் இழந்ததில் ஒரு பகுதியை மீட்கலாம். ஆனால் அதே இன்ஜின் பெட்ரோலிலும் ஓட வேண்டுமே, அதனால் உயர்த்த முடியாது. ஆக்டேன் சும்மா கிடக்கிறது. சமதளத்தில் ஊருக்குள் ஓட்டினால் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. குடும்பத்தோடு ஏற்காடு ஏறும்போது தெரியும். அப்போது பெட்ரோலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், அதற்குத்தான் அந்த ஸ்விட்ச்.

வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு இது. நிஜச் சாலையில் பெட்ரோல் 17, சிஎன்ஜி 24 வருகிறது என்றும், பெட்ரோல் 100 ரூபாய், சிஎன்ஜி 90 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்கு 5.88 ரூபாய், 3.75 ரூபாய். மாதம் 1000 கிலோமீட்டர் ஓட்டினால் மிச்சம் 2,130 ரூபாய். சிஎன்ஜி மாடலுக்குக் கூடுதலாகக் கொடுப்பது 90,000 ரூபாய் என்றால் அது திரும்பிவர மூன்றரை வருடம். மாதம் 500 கிலோமீட்டர்தான் ஓட்டுகிறீர்கள் என்றால் ஏழு வருடம். உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே பாருங்கள். சிலிண்டரை மூன்று வருடத்துக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். டிக்கி இடம் போகும். உங்கள் வழியில் சிஎன்ஜி பங்க் இருக்கிறதா, அங்கே வரிசை எவ்வளவு, அழுத்தம் முழு 200 பாருக்கு வருகிறதா என்பதையும் ஒரு மாலை நேரத்தில் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அழுத்தம் குறைந்தால் சிலிண்டர் முக்கால்வாசியோடு நின்றுவிடும்.

டீசல் சிக்கனம் உண்மையானது. லிட்டருக்கு 36 மெகாஜூல், பெட்ரோலைவிட 12 சதவீதம் கூடுதல். அதற்கு மேல், டீசல் இன்ஜின் காற்றை மட்டும் 15, 16 மடங்கு அழுத்தி, அதில் டீசலைத் தெளிக்கிறது. பெட்ரோல் இன்ஜின் மாதிரி காற்றை வால்வு போட்டு அடைத்து மூச்சுத் திணறவும் விடுவதில்லை. குறைந்த ஆர்பிஎம்மிலேயே இழுவை கிடைப்பதால் பாரத்துக்கும் மலைக்கும் நெடுஞ்சாலைக்கும் அதை அடிக்க ஆள் இல்லை. இங்கே ஆக்டேனுக்கு வேலையே கிடையாது, நேர் எதிர்க் குணம்தான் வேண்டும். டீசல் சீக்கிரம் தானாகப் பற்ற வேண்டும், அதை அளப்பது சீட்டேன் எண். நம் பிஎஸ்6 டீசலுக்கு அது குறைந்தது 51.

ஆனால் 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்க டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. பிடித்த கரியை அது அவ்வப்போது 600 டிகிரி அளவுக்குச் சூடேறி எரித்துக்கொள்ள வேண்டும். அதற்கு நெடுஞ்சாலையில் ஒரு கால்மணி, அரைமணி நேரம் நிறுத்தாத ஓட்டம் வேண்டும். வீட்டிலிருந்து ஆபீஸ் ஆறு கிலோமீட்டர், நடுவில் பத்து சிக்னல் என்று ஓட்டுபவர் காரில் வடிகட்டி அடைத்துக்கொள்ளும், எரிக்க முயன்று பாதியில் நிற்கும், அந்த முயற்சியில் தெளித்த டீசல் இன்ஜின் ஆயிலில் கலக்கும். பில் வரும்போது சேமித்த டீசல் காசு எல்லாம் அதிலேயே போகும். வாரத்தில் பல நாள் சேலம், திருச்சி என்று ஓடுபவருக்கு நான் டீசலைத் தயங்காமல் சொல்வேன். ஊருக்குள் சுற்றுபவருக்குச் சொல்ல மாட்டேன்.

இது டீசல் வாங்கினால் நினைவில் வைத்துக்கொள்ள: பங்க் பையன் தவறிப்போய்ப் பெட்ரோல் போட்டுவிட்டால் சாவியைத் திருப்பவே கூடாது. உயர் அழுத்த பம்ப்புக்கு எண்ணெய்ப் பசை கொடுப்பது டீசல்தான். பெட்ரோல் போனால் உலோகம் உலோகத்தில் தேயும், பொடி இன்ஜெக்டர் வரை போகும். தள்ளி ஓரமாக நிறுத்தி டேங்க்கைக் காலி செய்தால் சில ஆயிரத்தோடு முடியும்.

காலையில் குளிர்ந்த நேரத்தில் போட்டால் பெட்ரோல் கூடுதலாகக் கிடைக்கும் என்பதை விட்டுவிடுங்கள். 10 டிகிரி வித்தியாசத்துக்கு 1 சதவீதம்தான் விரியும், அதுவும் பங்க் டேங்க் பூமிக்கடியில் இருப்பதால் காலைக்கும் மதியத்துக்கும் வெப்பம் பெரிதாக மாறாது. சந்தேகம் இருந்தால் அளவைச் சோதிப்பதுதான் வேலைக்காகும். முத்திரை போட்ட 5 லிட்டர் குவளையில் பிடித்துக் காட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அடர்த்தியைக் காட்டச் சொல்லலாம், ஃபில்டர் பேப்பரில் ஒரு சொட்டு விட்டுக் கறை நிற்கிறதா என்றும் பார்க்கலாம். மழைக்காலத்தில் அந்த பேப்பரை மட்டும் நம்ப வேண்டாம், தண்ணீர் கலந்ததை அது காட்டிக்கொடுக்காது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். காரை இப்போது விற்க வேண்டாம். சாதாரண பெட்ரோலே போடுங்கள். டயர் காற்றைக் குளிர்ந்த நிலையில் சரிபார்த்து, ஏர் ஃபில்டரையும் பிளக்கையும் மாற்றுங்கள். சமதளத்தில் நியூட்ரலில் கையால் தள்ளினால் கார் தடையில்லாமல் உருள்கிறதா என்று பாருங்கள், உருளவில்லை என்றால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. மூன்றாவது கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதித்து, ஆர்பிஎம் மட்டும் எகிறி வேகம் ஏறாமல் நிற்கிறதா என்று கவனியுங்கள், நின்றால் கிளட்ச். இவ்வளவும் செய்து, மேலே சொன்ன முறையில் சில டேங்க் அளந்த பிறகும் 14.5க்குக் கீழேயே நின்றால், ஸ்கேனரில் வரும் அந்த ட்ரிம் எண்ணையும் மாதம் எத்தனை கிலோமீட்டர், எந்த மாதிரிச் சாலை என்பதையும் எழுதுங்கள். அடுத்து எதைக் கழற்றிப் பார்ப்பது என்று அப்போது சொல்கிறேன்.